நீதிமன்றத்தில் இரக்கத்துக்கு எந்த இடம்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்து இப்போது சட்டம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோயிலில் இரக்கம், மன்னிப்பு என்று போதிக்கிறார்கள். வகுப்பில் சான்று, குற்றப்பொறுப்பு, தண்டனை என்று படிக்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகவே படுகிறது. குற்றம் செய்தவனுக்கு இரக்கம் காட்டினால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன நியாயம்? 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைத் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல முடியுமா?"

தம்பி, கடைசிக் கேள்விதான் கனமானது. அதற்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் இரக்கம் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் ஒரு தப்பெண்ணத்தைப் பேச வேண்டும். தண்டனையைக் குறைப்பது, கண்டும் காணாமல் விடுவது, பெருநாளுக்குப் பொது மன்னிப்புக் கொடுப்பது: இவைதான் இரக்கம் என்று நினைக்கிறோம். வழக்கெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வந்து சேரும் சலுகையாக அதைப் பார்க்கிறோம். திருவிவிலியம் இரக்கத்தை வைத்திருக்கும் இடம் வேறு. ஆளைப் பிடிக்கும் நேரத்தில், சாட்சியைக் கேட்கும் முறையில், கடனுக்கு ஈடு வாங்கும் விதத்தில், அடியை எண்ணும் கணக்கில் அது இருக்கிறது. கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் பல வருடங்களாகக் குற்ற வழக்குகளில் சட்டத்தரணியாக நிற்கிறேன். பங்கின் சிறைப்பணிக் குழுவோடு வெலிக்கடைச் சிறைக்கும் போய்வருகிறேன். இரக்கம் வழக்கு நடக்கும் முறைக்குள் வராவிட்டால் கடைசியில் கொடுக்கும் மன்னிப்பால் பெரிதாக எதுவும் சரியாவதில்லை என்பதே நான் கண்டது.

லேவியர் நூலின் 19ஆம் அதிகாரத்தை எடுங்கள். 15ஆம் வசனம் தீர்ப்பிடுகிறவனுக்கானது: ஏழை என்று முகதாட்சணியம் பார்க்காதே, பெரிய மனிதன் என்று பயப்படாதே, நேர்மையாகத் தீர்ப்பிடு. மூன்றே வசனம் தள்ளி, 18ஆம் வசனத்தில், உன்மீது நீ அன்பு கொள்வதுபோல் அடுத்தவர் மீதும் அன்பு கொள் என்ற கட்டளை வருகிறது. இயேசு தலைசிறந்த கட்டளைகளில் ஒன்றாக எடுத்துச் சொன்னது இதைத்தான். ஏழைக்காகவும் தராசைச் சாய்க்காதே என்ற சட்டமும், அன்பு கொள் என்ற சட்டமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. எழுதியவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. நம் வள்ளுவருக்கும் தெரியவில்லை. செங்கோன்மை அதிகாரத்தில் "ஓர்ந்துகண் ணோடாது" முறை செய்யச் சொன்னவர், சற்றுத் தள்ளி "கடிதோச்சி மெல்ல எறிக" என்கிறார். ஓங்குவது கடுமையாக இருக்கட்டும், விழும் அடி மென்மையாக இருக்கட்டும்.

அந்த மென்மை எப்படிச் சட்டமாகிறது என்பதை இணைச்சட்ட நூல் காட்டுகிறது. கடன் கொடுத்தவன் ஈட்டுப்பொருளை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், கடன் வாங்கியவனே கொண்டுவந்து கொடுப்பான் என்கிறது 24ஆம் அதிகாரம். ஏழையின் போர்வையை ஈடாக வாங்கியிருந்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடன் தள்ளுபடியாகவில்லை. ஆனால் வசூலிக்கிறவன் வாசலில் நிற்கிறான், கடனாளி இரவில் குளிரில் கிடக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் கசையடி வருகிறது: நீதிபதியின் முன்னிலையில், குற்றத்தின் அளவுக்கு ஏற்ப, நாற்பதுக்கு மேற்படாமல். மீறினால் "உன் சகோதரன்" உன் கண்முன் இழிவடைவான் என்கிறது. முந்திய வசனங்களில் குற்றவாளி என்று சொல்லப்பட்டவன், அடி விழும்போது சகோதரனாகிறான். இன்றைய அளவுகோலில் கசையடியே கொடுமைதான். ஆனால் அரசின் கைக்கு எல்லை கட்டும் எண்ணம் அங்கே முளைத்துவிட்டது. இலங்கையில் நீதிமன்றம் விதிக்கும் கசையடி சட்டப்படி ஒழிந்தது 2005இல்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

யோவான் 8ஆம் அதிகாரத்தை இந்தப் பின்னணியோடு வாசித்தால் வேறு வெளிச்சம் கிடைக்கும். விபசாரத்தில் பிடிபட்டதாக ஒரு பெண்ணை இழுத்து வருகிறார்கள். மோசேயின் சட்டப்படி இருவருமே குற்றவாளிகள். ஆண் எங்கே? அவனைக் கொண்டுவரவில்லை. சட்டப்படி முதல் கல்லை எறிய வேண்டியவர்கள் சாட்சிகள். பொய்ச்சாட்சி என்று தெரிந்தால் அதே தண்டனை அவர்கள் தலையில் விழும். உங்களில் பாவமில்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு சொன்னபோது சட்டத்தை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. சாட்சி சொல்ல வந்தவர்களின் பொறுப்பை அவர்கள் முன்னேயே எடுத்து வைத்தார். முறைப்பாட்டாளர் ஒருவர் பின் ஒருவராகக் கலைந்துபோனார்கள், வழக்கு விழுந்தது. அதற்குப் பிறகுதான், கூட்டம் போன பிறகுதான், இனிப் பாவம் செய்யாதே என்று அவளிடம் தனியாகச் சொல்கிறார். கண்டிப்பு உண்டு. கூட்டத்தின் முன்னே கண்டிக்கவில்லை.

இதையெல்லாம் இங்கே, கொழும்பில் வைத்துப் பார்ப்போம். என் மனதை அதிகம் உறுத்துவது விளக்கமறியல், அதாவது வழக்கு முடியும் முன்பே ஆளைச் சிறையில் வைத்திருப்பது. திருத்தூதர் பணிகள் 24ஆம் அதிகாரத்தில் பவுல் செசரியாவில் ஆளுநர் பெலிக்ஸின் காவலில் இருக்கிறார். விசாரணை நடந்தது, தீர்ப்பு வரவில்லை. கைக்கூலி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் பெலிக்ஸ் அவரை அடிக்கடி கூப்பிட்டுப் பேசினாராம். இரண்டு வருடம் போனது. பதவி மாறிப் போகும்போதும் யூதரைத் திருப்திப்படுத்த அவரைச் சிறையிலேயே விட்டுப் போனார். குற்றம் நிரூபிக்கப்படாமல் இரண்டு வருடம்! பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போனவர்களின் குடும்பங்களுக்கு இந்தப் பக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

நம் சிறைகளில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தண்டனை பெறாதவர்கள், வழக்குத் தவணைக்காகக் காத்திருப்பவர்கள். சிறைகளோ கொள்ளளவை வெகுவாக மிஞ்சிய ஆட்களால் நிரம்பிக் கிடக்கின்றன. சட்டம் இதற்கு எதிராகவே பேசுகிறது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்கிறது. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டமும், பிணைக்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கும் வேறு சட்டங்களும் அதன் கைக்கு எட்டாமல் வெளியே நிற்கின்றன. போதைப்பொருள் வழக்கென்றால் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை மாதக்கணக்கில் இருக்க வேண்டியதுதான்.

பிணை கிடைத்தாலும் எல்லாரும் வெளியே வருவதில்லை. புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்த ஒரு பையன், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, சின்னக் களவு வழக்கில் மாட்டினான். முதல் தவணையிலேயே நீதவான் சரீரப் பிணை, அதாவது ஆட்கள் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கும் பிணை, கொடுத்துவிட்டார். இரண்டு பிணையாளிகள், இருவருக்கும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம். கொழும்பில் அவனுக்குத் தெரிந்தவர் முறைப்பாடு செய்த முதலாளி ஒருவர்தான். தாய் இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்தார், சான்றிதழைப் பொலிதீன் உறைக்குள் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் இருந்தது, மேலொப்பம் இல்லை. அவர் திரும்பிப் போய் வாங்கிவர வேண்டும். அதற்குத் தோட்டத்தில் லீவு கேட்க வேண்டும், பஸ் காசுக்குக் கடன் வாங்க வேண்டும். அடுத்த தவணை 14 நாள் கழித்து. அந்த இடைவெளியில் அவனைத் தண்டித்தது யார்? எந்த நீதிபதியும் இல்லை.

பவுல் பிலமோனுக்கு எழுதிய கடிதம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. ஓடிப்போன அடிமை ஒனேசிமைத் திருப்பி அனுப்பும்போது, அவன் உனக்கு ஏதாவது இழப்பு ஏற்படுத்தியிருந்தால் அதை என் கணக்கில் வைத்துக்கொள், நானே தீர்ப்பேன் என்கிறார். நடைமுறையில் இது பிணை நிற்பதுதான். நம் பங்குகளில் நத்தார் காலத்தில் சிறைக்குப் போய்ப் பாட்டுப் பாடிக் கேக் கொடுத்து வருகிறோம். கைதிகளுக்கு அதில் உண்மையான சந்தோஷம் இருக்கிறது, அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கேக் வாங்கும் காசில் ஒரு பகுதியைத் தாய்மாரின் பஸ் கூலிக்கும், கொழும்பில் பிணையாளி தேடிக் கொடுப்பதற்கும் ஒதுக்கினால் சிறையிலிருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள் என்ற மத்தேயு 25இன் சொல்லுக்கு நாம் இன்னும் நெருங்கி வருவோம்.

இந்த நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக அறிவித்த யோசேப் வாஸ் அடிகளார், கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம் அது; பிச்சைக்காரர் வேடத்தில் வந்திறங்கினார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். சில வருடங்களில் கண்டியில் அம்மை நோய் பரவி ஊர் ஓடியபோது, கைவிடப்பட்டவர்களைத் தூக்கி எடுத்துக் கழுவிப் பராமரித்தவர் அதே மனிதர். அவரை நாம் கொண்டாடுகிறோம். சந்தேகத்தின் பேரில் உள்ளே கிடந்த கைதியாக அவரை நினைத்துப் பார்ப்பது குறைவு.

தண்டப்பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1773இல் பெட்ஃபோர்ட் மாவட்டத்தின் ஷெரிப்பாக ஜோன் ஹவார்ட் என்ற பக்தியுள்ள கிறிஸ்தவர் பொறுப்பேற்றார். தன் பொறுப்பில் இருந்த சிறைக்குள் நேரில் நுழைந்து பார்த்தார். நிரபராதி என்று தீர்ப்பான பிறகும் ஆட்கள் உள்ளேயே கிடந்தார்கள். சிறைக் காவலனுக்குச் சம்பளம் இல்லை, கைதிகளிடம் வாங்கும் கட்டணமே அவன் பிழைப்பு. அதைக் கட்ட வழியில்லாதவர்கள் வெளியே போக முடியாது. ஹவார்ட் சிறை சிறையாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்துப் பாராளுமன்றத்தின் முன் சாட்சி சொன்னார். 1774இல் அந்தக் கட்டணம் ஒழிந்தது. கண்ணீர் விட்டதோடு நிற்காமல் அவர் கணக்கெடுத்தார். இரக்கத்துக்கு வேண்டிய உழைப்பு அதுதான் என்று நம்புகிறேன்.

நம் நாட்டில் தண்டனை பெற்றுச் சிறைக்குள் போகிறவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். நீதிபதி அவர்களைச் சிறைக்கு அனுப்ப நினைக்கவில்லை, காசு கட்டச் சொன்னார். காசில்லாததால் போகிறார்கள். வெசாக், நத்தார் என்று ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வருகிறவர்களில் இவர்கள் பலர். மன்னிப்புப் பெற்றவர்கள் வாசலில் வரிசையாக வெளியே வரும் படம் அடுத்த நாள் பத்திரிகையில் வரும். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு வருவது மகிழ்ச்சியும் கோபமும் கலந்த உணர்வு: இவர்கள் முதலில் உள்ளேயே போயிருக்கக் கூடாதே! தவணையாகக் கட்ட விடலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி சிறைக்குப் பதிலாகச் சமூகத்திலேயே வைத்துத் திருத்தும் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை கொடுக்கலாம். கருவி கையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் சட்டத்தரணிகளாகிய நாங்கள். கைதிக் கூண்டில் நிற்பவருக்குப் பெரும்பாலும் சட்டத்தரணியே இல்லை என்பதுதான் துயரம்.

சித்திரவதை பற்றிய பகுதியில் கிறிஸ்தவர்கள் தலை நிமிர்ந்து பேச முடியாது. 866இலேயே பாப்பரசர் முதலாம் நிக்கலஸ், அடித்து வாங்கும் ஒப்புதல் கடவுள் சட்டத்துக்கும் மனிதர் சட்டத்துக்கும் ஒவ்வாதது என்று பல்கேரியருக்கு எழுதினார். 1252இல் நான்காம் இன்னொசென்ட், சமயக் குற்றவாளிகளிடம் உண்மை வாங்கச் சித்திரவதையை அனுமதித்தார். இரண்டும் ஒரே ஆசனத்திலிருந்து வந்தவை. கோவாவில் சமய விசாரணை மன்றம் 1560இல் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. ஆகவே கிறிஸ்தவம் இருந்தாலே நீதி மனிதத்தன்மை பெற்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த நிறுவனமும், திருச்சபை உட்பட, மறைவிடத்தில் ஓர் ஆளைத் தனியாக வைத்துக் கேள்வி கேட்கும்போது கொடுமைக்கு இறங்கக் கூடியது.

இயேசுவின் விசாரணையிலேயே இது நடக்கிறது. தலைமைக் குரு கேட்டதற்குப் பதில் சொன்னதும் பக்கத்தில் நின்ற காவலன் கன்னத்தில் அறைகிறான். இயேசு அவனிடம் கேட்கிறார்: நான் தவறாகப் பேசியிருந்தால் தவறு எது என்று காட்டு. சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய்? இது யோவான் 18இல் இருக்கிறது. காவலில் அடிபட்ட ஒருவன் சான்று கேட்கிறான். நமது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை எந்த விதிவிலக்கும் இன்றித் தடை செய்கிறது. 1994இல் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் 2002இல் ஜெரார்ட் பெரேரா என்ற சமையல் தொழிலாளி, ஆள் மாறாட்டத்தில் வத்தளைப் பொலிஸாரால் பிடிக்கப்பட்டுச் சாகும் அளவுக்குத் தாக்கப்பட்டார். உயர் நீதிமன்றம் 2003இல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. அவரைத் தாக்கியவர்களுக்கு எதிரான வழக்கில் சாட்சி சொல்லச் சில நாள் இருக்கும்போது, 2004 நவம்பரில் பஸ்ஸுக்குள் சுடப்பட்டு இறந்தார்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலோ அதற்கு மேலோ உள்ளவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வழக்கில் சான்றாக ஏற்கலாம். அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்த சட்டம் இது. தமிழ் மட்டும் தெரிந்தவர் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் அடியில் கையொப்பம் இட்டிருப்பதை எத்தனையோ கோப்புகளில் பார்த்துவிட்டோம். ஒருவனின் வாய்ச்சொல்லைக் கேட்டு, அவன் செய்தது என்னவென்று அறியாமல் நம் சட்டம் தீர்ப்பிடுமா என்று, இயேசுவுக்காக யூதத் தலைவர்களின் நடுவே தனியாக எழுந்து கேட்டவர் நிக்கதேம். மதுரையில் கண்ணகி கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். பாண்டியன் கோவலனை விசாரிக்கவே இல்லை.

மரண தண்டனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் இந்த நகரத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1959 செப்டெம்பர் 25 அன்று பிரதமர் பண்டாரநாயக்க றொஸ்மீட் பிளேசில் தன் வீட்டில் சுடப்பட்டார். சுட்டவர் பௌத்த பிக்குவின் உடை தரித்த சோமாராம தேரர். வைத்தியசாலைப் படுக்கையிலிருந்து பிரதமர் நாட்டுக்கு விட்ட அறிக்கையில், தன்னைச் சுட்டவனுக்கு இரக்கம் காட்டுங்கள், பழிவாங்க முயலாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆங்கிலிக்கனாகப் பிறந்து பௌத்தரானவர் அவர்; அந்தச் சொல்லில் இரண்டு மரபும் சேர்ந்தே பேசுவதாக எனக்குத் தோன்றும். மரண தண்டனையை இடைநிறுத்தியதும் அவருடைய அரசாங்கம்தான். அவர் இறந்த சில வாரங்களில் அந்த இடைநிறுத்தத்தை ரத்துச் செய்து, பின்னோக்கியும் செல்லும்படி சட்டம் கொண்டுவந்தார்கள். அவசரத்தில் கொலைக்கான சதியைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதனால் சதி செய்ததாகத் தீர்ப்பான புத்தரக்கித தேரரும் இன்னொருவரும் மேன்முறையீட்டில் தூக்கிலிருந்து தப்பினார்கள். சுட்டவர் மட்டும் 1962 ஜூலையில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். அதற்குச் சற்று முன் சிறையில் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். இறந்தவரின் கடைசி வேண்டுகோள் காற்றோடு போனது, சட்டத்தில் ஒரு சொல் விட்டுப்போனது இருவரின் உயிரைக் காத்தது. இப்படிப்பட்ட தற்செயலின் மேல் உயிரெடுக்கும் அதிகாரத்தை வைக்கலாமா?

1976 ஜூனுக்குப் பிறகு இங்கே தூக்கு நிறைவேறவில்லை. 2019இல் நான்கு பேரின் மரண ஆணையில் கையெழுத்தானது, தூக்கிலிடும் அலுகோசு பதவிக்கு விளம்பரமும் வந்தது; உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அதற்கு முந்தின வருடம் ஆகஸ்டில்தான் மரண தண்டனை ஏற்கத்தக்கதல்ல என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் பத்தி திருத்தப்பட்டது. நீண்ட காலம் அதை அனுமதித்த திருச்சபை மனம் மாறியது. அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

இனிக் கொச்சிக்கடை. அந்த வீடுகளுக்குப் போய் மன்னியுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். மன்னிப்பு அடிபட்டவரின் சொத்து. அதை எப்போது கொடுப்பது, கொடுப்பதா இல்லையா என்பது அவரவர் கடவுளோடு பேசி முடிவு செய்வது. குருவானவரோ அரசியல்வாதியோ சட்டத்தரணியோ அவர் பெயரில் கொடுக்க முடியாது. இரக்கம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்த வீடுதான். அங்கே இரக்கம் என்றால் உண்மையைத் தேடித் தருவது. முன்னறிவித்தல் கிடைத்தும் தடுக்கவில்லை என்பதற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. முன்னாள் பொலிஸ் மா அதிபர் முதலானோருக்கும் தனித்தனித் தொகை விதித்தது. பெரியவன் என்று முகம் பாராதே என்ற லேவியர் வசனம் அந்த ஒரு நாள் இந்த நாட்டில் கேட்டது. குண்டுகளின் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று அந்தக் குடும்பங்கள் தொடர்ந்து கேட்பதில் பழியுணர்ச்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கும் இதுவே பொருந்தும். நடந்ததை மறந்து முன்னே போவோம் என்று அவர்களிடம் சமய மொழியில் சொல்லப்படும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தென்னாபிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் 1996இல் உண்மை ஆணைக்குழு அமர்ந்தபோதும், உண்மையைச் சொன்னால் மன்னிப்பு என்ற ஏற்பாட்டை பொலிஸ் காவலில் உயிரிழந்த போராளி ஸ்டீவ் பீக்கோவின் குடும்பம் நீதிமன்றத்தில் எதிர்த்தது, தோற்றது. டூட்டுவை நான் மிகவும் மதிக்கிறேன். பீக்கோ குடும்பத்தின் எதிர்ப்பையும் அதே அளவு மதிக்கிறேன். அங்கேயும் விலையாக முதலில் உண்மையை வைக்க வேண்டியிருந்தது. இங்கே அந்த விலைகூட வைக்கப்படவில்லை.

கொச்சிக்கடைக்குப் பிறகு இரக்கம் தடுத்திருக்க வேண்டிய ஒன்று உண்டு: ஒரு சமூகத்தையே சந்தேகக் கூண்டில் ஏற்றியது. தமிழில் கவிதை எழுதிய இளம் ஆசிரியர் அஹ்னாஃப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். அதே சட்டம் நாற்பது வருடமாக நம் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று தெரிந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், அன்று இன்னும் பலமாகப் பேசியிருக்க வேண்டும்.

ஏனென்றால் காவலில் இருப்பவனைக் காக்காத அரசு என்ன செய்யும் என்பதை நாம் அறிவோம். 1983 ஜூலை 25, 27 ஆகிய இரண்டு நாளில் வெலிக்கடைக்குள் 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கக் குருக்களும் ஒரு மெதடிஸ்த போதகரும் அங்கே கைதிகளாக இருந்து உயிர் தப்பினார்கள். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அதே சிறையில் 2012 நவம்பரில் 27 பேரும், மஹரச் சிறையில் 2020 நவம்பரில் 11 பேரும் இறந்தபோது, "கைதிகள்தானே" என்று நம் ஆட்களே சொல்லக் கேட்டேன். 83ஐ நெஞ்சில் சுமப்பவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது.

பாதிக்கப்பட்டவரை நடுவில் வைத்து நீதி செய்ய வழி இருக்கிறது. லூக்கா 19இல் வரி தண்டும் சக்கேயு, எவரிடமாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நிற்கிறார். இயேசு அவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனது முதலில், இந்தச் சொல் பிறகு. 1974இல் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூரில் இரண்டு இளைஞர் இரவோடு இரவாகப் பல வீடுகளையும் வாகனங்களையும் சேதப்படுத்தினார்கள். மெனோனைட் கிறிஸ்தவரான நன்னடத்தை அலுவலர் ஒருவரின் யோசனையை நீதிபதி ஏற்று, அவர்களை வீடு வீடாக அனுப்பி உரிமையாளர்களை நேரே சந்தித்து நட்டத்தை ஈடுசெய்ய வைத்தார். இன்று பல நாடுகளில் நடக்கும் சந்திப்பு முறைகளுக்கு அது ஒரு தொடக்கம். நம்மிடம் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படியான மத்தியஸ்த சபைகள் உண்டு. அயலவர் சண்டை, சிறு சேதம், சிறு கடன் இவற்றில் நல்ல வேலை செய்கின்றன. கணவன் அடித்த மனைவியைச் சபைக்கு அனுப்பிச் சமாதானமாகப் போகச் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். ஒருவர் கை ஓங்கியிருக்கும் இடத்தில் சமாதானம் என்பது அடங்கிப் போவதாகவே முடியும்.

நல்லெண்ணத்தின் பெயரால் நடந்த ஒரு கொடுமையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவில் குவேக்கர் கிறிஸ்தவர்களின் செல்வாக்கோடு 1829இல் திறந்த பெரிய சிறையில் கைதியை அடிக்கவில்லை, அவமதிக்கவில்லை. ஒவ்வொருவரையும் தனி அறையில், பேச ஆளில்லாமல், விவிலியத்தோடு வைத்தார்கள். மனம் திரும்புவான் என்று நம்பினார்கள். பலருக்குப் புத்தி பேதலித்தது. நல்லது செய்கிறோம் என்ற உறுதியில் கைதியின் வாயைக் கேட்க மறந்தார்கள். எலிசபெத் ஃப்றை என்ற இன்னொரு குவேக்கர் பெண்மணி லண்டன் நியூகேட் சிறையில் பெண் கைதிகளிடம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கலாமா, விதிகளை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டு, கையுயர்த்தி வாக்களிக்க வைத்து வேலையைத் தொடங்கினார். அதே சபை, அதே நம்பிக்கை. கேட்டுச் செய்ததும் கேளாமல் செய்ததும்தான் வித்தியாசம்.

தம்பி, நீங்கள் பரீட்சைக்கு முன் ஒரு காரியம் செய்யலாம். லீவு நாளொன்றில் கொழும்பில் ஏதாவதொரு நீதவான் நீதிமன்றத்தில் காலை முதல் பின்வரிசையில் உட்காருங்கள். எத்தனை பேருக்குச் சட்டத்தரணி இல்லை, எத்தனை பேருக்கு நடப்பது தமிழில் சொல்லப்படவில்லை, பிணை கிடைத்தும் யார் திரும்பச் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிணைச் சட்டத்தையும் இணைச்சட்டம் 24, 25ஐயும் சேர்த்து வாசியுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான் இருக்கிறது. யாரை அங்கே அனுப்பலாம், அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பங்கில் சிறைப்பணிக் குழு இருந்தால் அவர்களுக்கு உடனே தேவைப்படுவது படிவம் நிரப்பவும், சிங்களத்தில் இருக்கும் கடதாசியைக் குடும்பத்தாருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லவும் தெரிந்த ஓர் ஆள். அதற்குப் பட்டம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.